தீவை அறுத்த நாள்

ஆண்டிஸ் மலைமேல், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் உயரத்தில், டிட்டிகாக்கா என்று ஒரு ஏரி. அந்த ஏரியில் ஒரு ஜனக்கூட்டம் குடியிருக்கிறது. கரையில் இல்லை, தண்ணீரின் மேலேயே. கோரையின் வேர்க்கட்டிகளை வெட்டி மிதக்கவிட்டு, ஒன்றோடு ஒன்றைக் கட்டி, மேலே கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பித் தங்களுக்கென்று தீவு செய்துகொள்வார்கள். வீடு கோரை, படகு கோரை, பசித்தால் உரித்துத் தின்பதும் கோரையின் வெள்ளைத் தண்டுதான்.

அந்தக் காலத்தில் ராஜாக்கள் வரி கேட்டு வந்தார்களாம். இவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே தள்ளிப் போய்விட்டார்கள். ராஜாவிடம் பெரிய படை இருந்தது. என்ன செய்ய, படைக்கு நீந்தத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட தீவு ஒன்றுக்கு நிகோலாசா தலைவி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஏரியில் எந்தத் தீவில் சிக்கல் என்றாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். கர்வக்காரி என்றும் சொல்வார்கள். இருக்கட்டுமே. அவள் தீவில் காலை வைத்தால் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும், ஒரு சொட்டு ஈரம் ஏறாது. கர்வப்படாமல் என்ன செய்வாள்?

அவளிடம் சீடராக வந்தவர் பெனிக்னோ. அறுபதை நெருங்கியவர். வேறொரு தீவுக்குப் புதிதாகத் தலைவர் ஆகியிருந்தார்.

"தீவு உடையாம கட்டிக் காக்கறது எப்படிம்மா? அதைக் கத்துக்கத்தான் வந்தேன்" என்றார்.

"முதல்ல கோரை அறுங்க அண்ணே" என்றாள் நிகோலாசா.

அறுத்தார். சுமந்தார். மக்கிய இடம் பார்த்துப் புதுக்கோரை பரப்பக் கற்றுக்கொண்டார். தன் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

தீவின் நடுவே ஒரு கம்பத்தில் பெரிய ரம்பம் தொங்கியது. இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ளது, இரண்டு பேர் பிடித்து இழுப்பது. அந்த ஏரியில் எல்லாத் தீவிலும் இப்படி ஒன்று உண்டு. இரண்டு குடும்பங்கள் இனி சேர்ந்து இருக்கவே முடியாது என்று ஆகிவிட்டால், இரண்டு வீட்டுக்கும் நடுவில் தீவையே அறுத்துவிடுவார்கள். அவரவர் பாதியோடு அவரவர் மிதந்து போவார்கள்.

ஒரு காலையில் நிகோலாசா அந்த ரம்பத்தை இறக்கிப் பெனிக்னோவின் மடியில் வைத்தாள். அரத்தையும் கொடுத்தாள்.

"பல்லைத் தீட்டுங்க. தீட்டிட்டு ஆட்டுக் கொழுப்புத் தடவுங்க."

பெனிக்னோ முகத்தைச் சுளித்தார். "இதைப் போய் ஏம்மா இப்படிப் பளபளன்னு வச்சிருக்கீங்க? பாக்கவே அபசகுனமா இருக்கு."

"உங்க தீவு ரம்பம் எப்படி இருக்கு?"

பெனிக்னோ நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைச் சொல்லத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தார் போலிருக்கிறது.

"எங்க தீவுல ரம்பமே கிடையாது! தலைவரான அன்னைக்கே ஏரியில தூக்கிப் போட்டுட்டேன். எங்க அண்ணன் மெலிட்டோனுக்கும் என் மருமகன் கிரிஸ்பினுக்கும் ஆகல. இவன் டவுன் ஆளுங்களுக்குப் படகு ஓட்டப் போயிடறான், தன் பக்கத்துக்குக் கோரை போடறதில்ல. அது ஊறிப்போய் அண்ணன் வீட்டையும் சேத்துச் சாய்க்குது. திருவிழாவுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. அறுத்துடணும்னு நிக்கறாங்க. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் பெத்த மக. நான் எங்கம்மா போவேன்? ரம்பம் இருந்தாத்தானே பிரிவாங்க?"

நிகோலாசா எழுந்துவிட்டாள்.

"தீவுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"என் பேத்தி இருக்கா. இப்பத்தான் நடக்கறா."

"படகை அவிழுங்க."

ரம்பத்தைக் கம்பளியில் சுற்றி அவளே படகில் வைத்தாள்.

பெனிக்னோவின் தீவு இருந்த இடத்தில் அதைக் கட்டியிருந்த தைலமரக் கழிகள் மட்டும் நட்டபடி நின்றன. அறுந்த கயிறுகள் தண்ணீரில் அலைந்தன. தீவைக் காணோம்.

பெனிக்னோ கழிகளையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். துடுப்பை நிகோலாசாதான் வாங்கி வலித்தாள். தெற்கே வெகுதூரம் போன பிறகு தீவு தெரிந்தது. காற்றில் ஆழத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது கண்ணில் படும் முன்பே அங்கிருந்து பெண்கள் கத்தும் சத்தம் கேட்டுவிட்டது.

படகு ஒட்டியதும் பெனிக்னோவின் மகள் ஹசிந்தா ஓடி வந்தாள். அவள் இடுப்பில் குழந்தை, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ரம்பம் இல்லைன்னா என்னன்னு இவரு மோட்டார் படகுல கயித்தைக் கட்டி இழுத்தாருப்பா. எங்க பக்கம் மட்டும் தனியா வந்துடும்னாரு. நடுவுல பிளந்துக்கிச்சு, அதுக்குமேல வரல. நங்கூரக் கயிறெல்லாம் அறுந்து முழுசா நகர ஆரம்பிச்சிடுச்சு. பிளவுல பாப்பா இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டா. பெரியப்பாதான் பாய்ஞ்சு தூக்கினாரு. தூக்கி என் கையில குடுத்துட்டு நேரா இவரை அடிக்கப் போயிட்டாரு."

கிரிஸ்பினின் உதடு வீங்கியிருந்தது. மெலிட்டோன் கைமுட்டியைத் தேய்த்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பெனிக்னோ பேத்தியின் குளிர்ந்த கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தத் தண்ணீரில் விழுந்து இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்காது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கிரிஸ்பினே மோட்டார் படகால் தீவைப் பழைய இடத்துக்கு இழுத்து வந்து கட்டினான். கட்டி முடிந்ததும் நிகோலாசா சிவப்புக் கம்பளி நூல்கண்டு ஒன்றைப் பெனிக்னோவிடம் நீட்டினாள்.

"கோடு போடுங்க அண்ணே. தலைவர் நீங்கதானே."

"என் வீடு நடுவுல இருக்கேம்மா. அது எந்தப் பக்கம் போகணும்?"

"நூல் உங்க கையில இருக்கு."

பெனிக்னோ நூலின் நுனியைப் பிரித்தார். மகளைப் பார்த்தார். பிள்ளை குட்டி இல்லாத அண்ணனையும் அண்ணியையும் பார்த்தார். பிறகு குனிந்து நூலை விட்டுக்கொண்டே நடந்தார். அவர் வீடு அண்ணன் பக்கம் விழுந்தது. ஹசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினாள்.

நிகோலாசா ரம்பத்தின் ஒரு கைப்பிடியை மெலிட்டோனிடம் கொடுத்தாள். மறு கைப்பிடியைக் கிரிஸ்பினிடம் கொடுத்தாள்.

இந்த ரம்பத்தில் ஒரு விஷயம் உண்டு. இழுக்கத்தான் வேண்டும், தள்ளக் கூடாது. ஒருவன் இழுக்கும்போது மற்றவன் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் இருந்த கோபத்தில் ரம்பம் வளைந்து வளைந்து சிக்கியது.

"தள்ளாதடா! நான் இழுக்கறப்ப விடு!" என்று கத்தினார் மெலிட்டோன்.

"நீங்க விட்டாத்தானே மாமா நான் இழுக்க முடியும்!"

திருவிழாவுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

பெனிக்னோ துள்ளிவிட்டார். நிகோலாசாவிடம் ஓடி வந்து, "பேசிட்டாங்கம்மா! போதும், நிறுத்திரலாம்" என்றார்.

அவள் கோரைத்தண்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். "அறுக்கட்டும்" என்றாள்.

அறுத்தார்கள். வேர்க்கட்டி ஓர் ஆள் ஆழம். ரம்பம் ஏறி இறங்க, பழுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. மத்தியானத்துக்கு மேல் கை பழகிவிட்டது. ஒருவர் இழுக்க ஒருவர் விட, கோடு பிசகாமல் இறங்கியது. களைத்தபோது ஒரே குவளையில் தண்ணீர் குடித்தார்கள். ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் கடைசி வேர் விட்டது. சத்தமே இல்லை. முதலில் கை நுழையும் அளவுக்குத் தண்ணீர் தெரிந்தது. பிறகு ஒரு படகு போகும் அளவுக்கு. இரண்டு பக்க விளிம்பும் சீராக, ஒரு பிசிர் இல்லாமல் இருந்தது.

மெலிட்டோனின் மனைவி உலர்த்திய உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றைத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்தாள். ஹசிந்தா பிடித்துக்கொண்டாள்.

"கழியை வடக்குப் பக்கம் ஊனுடா! காத்து அங்கேருந்துதான் வருது, அதுகூடத் தெரியாதா!" என்று இங்கிருந்து கத்தினார் மெலிட்டோன்.

"தெரியும் மாமா!" என்றான் கிரிஸ்பின். தெற்கே ஊன்றியிருந்த கழியைப் பிடுங்கி வடக்கே ஊன்றினான். விலகி நின்ற பாதியிலிருந்து குழந்தை கையை ஆட்டியது.

பெனிக்னோ நிகோலாசாவை அவள் தீவில் விடுவதற்காகப் படகை ஓட்டிப் போனார். பாதி வழியில் துடுப்பை நிறுத்தினார்.

"எங்கப்பா கட்டின தீவும்மா. பெனிக்னோ தலைவரான காலத்துலதான் ரெண்டாச்சுன்னு நாளைக்கு ஏரியே சொல்லும். நான் எந்த முகத்தோட நடமாடுவேன்?"

வெயில் தணிந்து, வீடுகளில் அடுப்புப் பற்றவைக்கும் நேரம்.

"சுத்திப் பாருங்க அண்ணே" என்றாள் நிகோலாசா. "எத்தனை தீவு தெரியுது?"

பெனிக்னோ திரும்பிப் பார்த்தார். தண்ணீர் போகும் தூரம்வரை புகை எழும்பிக்கொண்டிருந்தது. எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டார்.

"எண்ணி முடியாதும்மா. ஏரி பூரா தீவுதான்."

நிகோலாசா படகின் முனையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம ஆளுங்க முதல் முதலா தண்ணிக்கு வந்தப்போ, ஒண்ணே ஒண்ணுதான் கட்டினாங்க."