மணி அடித்த இருபத்தாறாவது ஆள்

கோணக்கோட்டை ராஜ்ஜியம் எந்தப் பக்கம் இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நாட்டுப் படைக்கே அது சரியாகத் தெரியாமல்தான் பல சண்டைகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் அங்கே மெய்க்காவல் படை என்று ஒன்று இருந்தது. ராஜாவை ஒட்டியே நிற்கிற படை. சரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட ஈட்டி, மத்தியானம் நெய்ச் சோறு. அதில் சேர வருஷத்துக்கு ஒரு தடவை தேர்வு நடக்கும்.

விடியும்போது கரட்டுமலை அடிவாரத்தில் மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். பொழுது சாயும்வரை நிற்காமல் நடக்க வேண்டும். மூட்டையை இறக்கக் கூடாது. முடியாதவன் அங்கே தொங்கும் வெண்கல மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். போகிற இடம்தான் வீடு இல்லை. மணி அடித்தவன் எவனாக இருந்தாலும் அடுத்த தேர்வு வரும்வரை அரண்மனைத் தினைக்காட்டில் கிளி விரட்ட வேண்டும். மூன்றாம் தடவை அடித்தவன் ஆயுசு முழுக்க விரட்ட வேண்டும். இப்படி ராஜாவே சொல்லி அரண்மனை வாசல் கல்லில் வெட்டிவைத்திருந்தார்கள்.

இரண்டு தடவை மணி அடித்தவர்கள் மொத்தப் படையிலும் ஐந்தே பேர்: ஒய்யணன், பூலோகம், சடையன், தவசி, மொட்டையாண்டி. முதல் வருஷம், மணி நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்க ஒய்யணன் அடித்தான். மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு தடவை அடித்துச் சரிபார்த்தார்கள். இரண்டாம் வருஷம் மணிக்கு முன்னால் வரிசை நின்றது. வரிசை என்றால் சோறு என்று நினைத்து நின்றுவிட்டார்கள்.

தினைக்காட்டில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிளியைப் பார்த்து "ஓடு, ஓடு" என்று நாள் பூராவும் கத்துவார்கள். கிளிகள் அதைக் கற்றுக்கொண்டு திருப்பிக் கத்தும். படையில் இருந்தவர்கள் அல்லவா, உத்தரவு காதில் விழுந்ததும் ஐந்து பேரும் ஓடுவார்கள். கிளிகள் நிம்மதியாகத் தினை தின்னும். பூலோகம் வரப்பில் உட்கார்ந்து அழுததை நானே கேள்விப்பட்டிருக்கிறேன். "இந்தத் தடவையும் மணி அடிச்சா, சாகிற வரைக்கும் இந்தக் கிளி சொல்றபடிதான்டா ஓடணும்" என்றான். பாவமாகத்தான் இருந்தது.

ஒய்யணனின் மச்சான் கொண்டல்சாமி மெய்க்காவல் படையில் இருந்தவர். காலில் முள் ஏறி வீட்டில் படுத்திருந்தார். ஐந்து பேரும் ஒரு பானைக் கருவாட்டுக் குழம்போடு போய் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"கேட்டுக்கங்க மாப்ளே," என்றார் கொண்டல்சாமி, குழம்பை ஊற்றிக்கொண்டே. "புதுச் செருப்பை அன்னைக்குத்தான் போடுறதுன்னு இருக்காதீங்க, கால் புண்ணாயிரும். பத்து நாள் நல்லா நடந்து பழக்கணும். அப்புறம், வேண்டாத கனத்தைச் சுமக்கக் கூடாது. மலையை நிமிந்து பாத்தா அங்கேயே தெம்பு போயிரும். அடுத்த மரம் வரைக்கும் போனாப் போதும்னு நினைச்சுக்கிட்டு நடங்க."

"அது போதுமா மச்சான்?"

"அது போதும். முக்கியமானது இன்னொண்ணு இருக்கு. முதல் ஆளா ஓடாதீங்க. கடைசி ஆளாவும் வராதீங்க. திட்டு, அடி, கல்லு, முள்ளு எல்லாம் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும்தான். நடுவுல இருந்தவன் எவனும் கெட்டதில்ல."

அறிவுரையில் ஒரு குறையும் கிடையாது. கொண்டல்சாமி அதைக் கடைப்பிடித்துத்தான் தேர்வானார். அதை யாரிடம் சொன்னார் என்பதுதான் விஷயம்.

மறுநாள் ஐந்து ஜோடி புதுச் செருப்பு வந்தது. பத்து நாள் நடப்பது என்றால் லேசான வேலையா? படையிலேயே நன்றாக நடக்கிறவன் பூலோகம். அதனால் எல்லோருடைய செருப்பையும் பழக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தார்கள். அவனும் ஆளுக்கு இரண்டு நாள் என்று மனசாட்சியோடு நடந்தான். பூலோகத்தின் பாதம் முறம் மாதிரி இருக்கும். பத்தாம் நாள் ஐந்து ஜோடியும் அருமையாகப் பழகியிருந்தன, பூலோகத்தின் காலுக்கு. மற்ற நான்கு பேரும் சணல் கயிற்றால் செருப்பைக் கணுக்காலோடு கட்டிக்கொண்டு சரட்டு சரட்டென்று இழுத்தபடி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மொத்தம் முப்பது பேர் வந்திருந்தார்கள். தளவாய் ஒவ்வொருவனுக்கும் ஒரு மணல் மூட்டையும் நாள் முழுவதற்குமான கட்டுச்சோறும் கொடுத்தார்.

"வேண்டாத கனம் எது?" என்று கேட்டான் சடையன்.

தவசி நெடுநேரம் யோசித்தான். "மணலைக் கீழே போட்டாத் திட்டுவாங்க. சோத்தைக் கீழே போட்டாப் பாவம்."

"அப்பத் தின்னுருவோம்" என்றான் ஒய்யணன்.

ஒரு நாள் சோற்றை அங்கேயே நின்று தின்று முடித்தார்கள். மொட்டையாண்டி காலிப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, மச்சான் சொன்னது சரிதான் என்றான். பிறகு ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு, "ஆனா கனம் முழுசாப் போகல, எங்கேயோ ஒளிஞ்சிருக்கு" என்றான்.

கொம்பு ஊதியது. இருபத்தைந்து பேர் மலையைப் பார்த்து ஓடினார்கள். நம்மவர்கள் வரிசையாக நின்றுகொண்டு யோசித்தார்கள்.

"நான் முன்னால நிக்கிறேனே, அப்ப நான் முதல் ஆள்" என்று சொல்லிச் சடையன் பின்னால் போனான்.

"இப்ப நீ கடைசி ஆளாயிட்டே" என்றான் பூலோகம்.

சடையன் பதறி நடுவில் வந்து நின்றான். நடுவில் இருந்த தவசி, தன் இடம் போய்விட்டது என்று சண்டைக்கு வந்தான். ஐந்து பேருக்கும் நடு வேண்டும், நடுவோ ஒன்றுதான். யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லை. கிளி முகங்கள் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின.

கடைசியில் ஒய்யணன்தான் வழி கண்டுபிடித்தான். அடுத்த மரம் ஒரு புளியமரம், பத்து அடி தூரத்தில் இருந்தது. அதைச் சுற்றி எல்லோரையும் வளையமாக நிறுத்தினான்.

"இதுல முதல் ஆள் யாரு, காட்டு பாப்போம்."

ஐந்து பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலும் இல்லை, கடைசியும் இல்லை. ஒவ்வொருவனுக்கும் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். அடுத்த மரத்துக்கும் வந்தாயிற்று. தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சரட்டு சரட்டென்று புளியமரத்தைச் சுற்றத் தொடங்கினார்கள். வயிறு இருந்த இருப்பில் மெதுவாகத்தான் முடிந்தது. நல்ல நிழல்.

தளவாய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்தில் சற்றுக் கண்ணசந்தார். மலையில் வெயில் தீயாய்க் காய்ந்தது. ஒவ்வொருவனாக இறங்கி வந்து மணி அடித்தான். அவர் எழுந்து வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மணி இருபத்தைந்து தடவை அடித்திருந்தது. ஐந்து பேர் மட்டும், மூட்டையை இறக்காமல், முகம் கோணாமல், நடந்துகொண்டே இருந்தார்கள்.

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு மன உறுதியைப் பாத்ததில்ல" என்றார் தளவாய். அவர் சொன்னது உண்மைதான்.

அடுத்த நாள் ஐவருக்கும் சரிகைத் தலைப்பாகை கட்டி, ஈட்டி கொடுத்து, சபையில் ராஜாவின் பக்கத்தில் நிறுத்தினார்கள். புதியவர்கள் முதல் நாள் தனியாகவே காவல் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். சபை கலைந்ததும் ராஜா சாப்பிட எழுந்தார். உடனே ஐந்து பேரும் அவரைச் சுற்றி வளையம் போட்டு நடக்கத் தொடங்கினார்கள்.

ராஜா ஒரு அடி வைத்தார். எதிரே பூலோகம் வந்தான். அவன் போகட்டும் என்று நின்றார். எதிரே மொட்டையாண்டி வந்தான்.

"வழி விடுங்கப்பா" என்றார் ராஜா.

நடந்தபடியே ஐந்து பேரும் கலந்து பேசினார்கள். வழி விட்டால் ராஜா வெளியே போவார். போனால் அவர்தான் முதல் ஆள். கல்லும் முள்ளும் முதல் ஆள் மேல்தான் விழும் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். ராஜாவின் உயிரைக் காக்க வந்துவிட்டு அந்தப் பாவத்தைச் செய்யலாமா?

"மன்னிக்கணும் மகாராஜா. நடுவுல இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது" என்றான் ஒய்யணன்.

மந்திரி உள்ளே நுழையப் பார்த்தார். ஈட்டி முனை அவருடைய தலைப்பாகையைக் கொண்டுபோய்விட்டது. தளவாய் ஓடி வந்து "நில்லுங்கடா" என்றார்.

"பொழுது சாயிற வரைக்கும் நிக்கக் கூடாதுன்னு நேத்து நீங்கதானே ஐயா சொன்னீங்க" என்றான் சடையன் மரியாதையாக.

நெய்ச் சோறு ஆறிப்போனது. சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் ராஜாவுக்குத் தலை கிறுகிறுத்தது. "நான் வெளியே போக என்னதான்டா வழி?" என்று கேட்டார்.

"ஒரே வழிதான் மகாராஜா. மணி அடிச்சாப் போயிரலாம்" என்றான் ஒய்யணன்.

"கொண்டு வாங்க" என்றார் ராஜா.

நான்கு சேவகர்கள் அந்த வெண்கல மணியைத் தூக்கி வந்து வளையத்துக்கு மேலாக நீட்டினார்கள். ராஜா ஓங்கி ஒரு அடி அடித்தார். வளையம் உடனே விலகி வழிவிட்டது. மந்திரி மெல்லத் திரும்பி வாசலில் இருந்த கல்லைப் பார்த்தார். தளவாயும் பார்த்தார். கடைசியில் ராஜாவும் பார்த்தார். "எவனாக இருந்தாலும்" என்ற இடத்தைக் கொத்தன் ரொம்ப ஆழமாகவே வெட்டியிருந்தான்.

மறுநாள் விடியற்காலையில் ராஜா தினைக்காட்டில் இறங்கினார். ராஜா எங்கேயோ அங்கே மெய்க்காவலும் போக வேண்டும் அல்லவா? ஐந்து பேரும் தலைப்பாகையோடு அவரைச் சுற்றி வந்தார்கள். கதிர் மேல் இருந்த ஒரு கிழட்டுக் கிளி ராஜாவை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு "ஓடு" என்றது.

ராஜா ஓடினார். வளையமும் கூடவே ஓடியது. மூச்சு வாங்க ஓடிக்கொண்டே பூலோகம் ஒய்யணனிடம் சொன்னான்:

"நல்லவேளைடா, கிளி விரட்டுற வேலையிலயிருந்து தப்பிச்சோம்."