ஒச்சம்மா கேட்ட பஸ்

மழை பொய்த்துக் கரட்டுப்பட்டியே காலியானபின் ஒச்சம்மா ஒருத்திதான் அங்கே மிச்சம். நின்றுபோன பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி, பக்கத்து ஊருக்குக் கூட்டம் பேச வந்த மந்திரியிடம் மனுக் கொடுத்தாள்.

மந்திரி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “ஆளே இல்லாத இடம் ஊராம்மா? ஊர்தான்னு நிரூபி, நாளைக்கே பஸ் விடுறேன்.”

“சட்டசபைக்குப் போக எங்க ஊருக்கு வந்துதானய்யா ஓட்டுக் கேட்டீங்க. தாசில்தார் ஆளு வரி வாங்க வந்தாரு. கோர்ட்டு அமீனா வந்து என் கதவுல நோட்டீஸ் ஒட்டுனாரு. உங்க எல்லாருக்கும் அது ஊரு, பஸ்ஸுக்கு மட்டும் காடா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மறுநாளே பஸ் வந்தது.

ஒச்சம்மா அதில் ஏறவே இல்லை. தினமும் சாயங்காலம் போய் நின்று, ஊரைவிட்டுப் போனவர்கள் யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பாள். கண்டக்டர் மட்டும் இறங்கி, “வரட்டுமா ஆத்தா?” என்று கேட்டுவிட்டு ஏறிக்கொள்வார்.