ராஜாவின் சந்தோஷத்தைத் திருடிய விசிறிக்காரி

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பொடிசுகளே, பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளாமல் கேளுங்கள்! கடலில் யாரும் இன்னும் உப்புப் போடாத காலம் அது. பூங்குன்ற நாட்டைக் கொற்றமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜா தன் கையால் எதையும் செய்யக்கூடாது. செருப்பு மாட்டிவிட ஓர் ஆள், முதுகு சொறிந்துவிட ஓர் ஆள், கொட்டாவி வந்தால் வாய்க்கு முன்னே சொடக்குப் போட ஓர் ஆள். இத்தனை ஆள் இருந்தும் ராஜாவின் முகம் மட்டும் எப்போதும் விளக்கெண்ணெய் குடித்த மாதிரியே இருக்கும்.

அவனுக்கு விசிறி வீசுகிறவள் பெயர் மருக்கொழுந்து. பெயர்தான் மணக்கும். ஆள் சரியான சிடுமூஞ்சி. அவள் முகத்தில் விழித்தால் பூனைகூட அன்றைக்குப் பால் குடிக்காது.

ஒருநாள் அரண்மனை வைத்தியர் ராஜாவின் நாடியைப் பார்த்தார்.

"மருந்தெல்லாம் வேண்டாம் மகாராஜா. தினமும் மூணு வேலை போதும். விடிஞ்சதும் வெறுங்காலோட புல்லுல நடக்கணும். ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தணும். யாரையாவது கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். ஒரே மாசத்துல மனசு பூரிச்சுப் போகும்."

"பூ, இவ்வளவுதானா!" என்றான் ராஜா. "ஏய் மருக்கொழுந்து! நாளையிலேர்ந்து எனக்குப் பதிலா நீ போய் இதையெல்லாம் செஞ்சுட்டு வா."

அரசன் ஆணை, தட்ட முடியுமா? மருக்கொழுந்து முணுமுணுத்துக்கொண்டே புல்லில் நடந்தாள். பனி உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டியது. முணுமுணுத்துக்கொண்டே ஒரு பாகற்கொடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். முணுமுணுத்துக்கொண்டே சமையல்காரரிடம், "உங்க ரசம் தேவலை" என்றாள். அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார், பாவம். இருபது வருஷத்தில் அவர் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான்.

பத்தாம் நாள் முணுமுணுப்பு நின்றது. இருபதாம் நாள் பாட்டு வந்தது. முப்பதாம் நாள் சபை நடுவே, விசிறியைச் சுழற்றிக்கொண்டு, தன்னை மறந்து தையாதக்கா என்று ஆடியேவிட்டாள்! மந்திரி சிரித்தார், காவலர்கள் சிரித்தார்கள். ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

"பிடிங்கடா அவளை!" என்று கத்தினான். "எனக்கு வரவேண்டிய சந்தோஷத்தை இவ திருடிட்டா! மூணு நாளைக்குள்ள திருப்பித் தரணும். இல்லேன்னா தலை போயிடும்!"

மருக்கொழுந்து தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வாழ்க்கை இப்போதுதான் இனிக்க ஆரம்பித்திருக்கிறது, அதற்குள் தலைக்கே ஆபத்தா? திருடவில்லை என்று சொன்னால் இந்த மனுஷன் நம்புவானா? ஒரு நொடி யோசித்தாள். சட்டென்று காலில் விழுந்தாள்.

"ஆமா மகாராஜா, எடுத்துட்டேன். தோட்டத்துல ஒளிச்சு வச்சிருக்கேன். ஆனா உடையவர் கைக்குத்தான் அது அகப்படும். நீங்களே வந்து தேடணும்."

முதல் நாள் காலை ராஜா செருப்பைக் கழற்றினான். புல்லில் கால் வைத்ததும், "ஐயோ, கூசுதே!" என்று துள்ளினான்.

"துள்ளிக்கிட்டே தேடுங்க, மகாராஜா!" என்றாள் அவள்.

இரண்டாம் நாள் குடத்தைத் தூக்கினான். பாதித் தண்ணீர் செடிக்கு, மீதி தொந்திக்கு. ராஜாவின் உதடு லேசாகக் கோணியது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் கொலைவாளோடு ஆள் வந்து நின்றுவிட்டான்! மருக்கொழுந்து அவசர அவசரமாகச் சொன்னாள்:

"கடைசி இடம், மகாராஜா. யார்கிட்டயாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பாருங்க."

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தான். எதிரே நின்றவன் அந்த வாள்காரன் ஒருவன்தான்.

"ஏம்ப்பா," என்றான் தயங்கித் தயங்கி, "உன் மீசை ரொம்ப ஜோரா இருக்கே!"

அவ்வளவுதான்! மலைபோல நின்ற அந்த ஆள் வாளைக் கீழே போட்டான். "போங்க மகாராஜா!" என்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நெளிந்தான். அதைப் பார்த்த ராஜாவுக்குக் குபுக்கென்று சிரிப்பு பீறிட்டது. புல்லில் உருண்டான், புரண்டான், விக்கல் வரும்வரை சிரித்தான்.

"அகப்பட்டுடுச்சு! அகப்பட்டுடுச்சு! மருக்கொழுந்து, உன் தலை உனக்கே!"

அவளுக்கு வந்த ஆனந்தத்தில் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மந்திரி ஓடிவந்தார். "நாளைக்கு யாரை அனுப்பட்டும், மகாராஜா?"

"அனுப்புறதா? எனக்குப் பதிலா எவனாவது புல்லுல கால் வைக்கட்டும், அப்புறம் பாருங்க!"

ஆகவே மக்களே, மனதை மலர்த்தும் சின்னச் சின்னப் பழக்கங்களை அவரவரே அன்றாடம் செய்ய வேண்டும், ஆள் வைத்துச் செய்தால் சந்தோஷம் அந்த ஆளுக்குத்தான் போய்ச் சேரும்.