உப்பை மூக்கால பார்த்த சடையப்பன்

இந்தக் கதையை எனக்கு மொத மொதல்ல சொன்னது நாகரத்தினம் அக்கா. உன் அண்ணன் பொறந்தப்போ ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாங்க. அவன் அழுதா எனக்குப் பயம், அழாம தூங்கினா அதுக்கும் பயம். மூணு நாளா கண்ணு மூடல. "ஏ புள்ள, சாமியைக் கும்பிட்டுட்டுப் படு, நான் ஒரு கதை சொல்றேன்"ன்னாங்க. பாதியிலயே தூங்கிட்டேன். மிச்சத்தை மறுநாள் கேட்டு வாங்கிக்கிட்டேன். நீ முப்பத்தஞ்சு வயசுக் கழுதையா இருந்தா என்ன, எனக்குக் கொழந்தைதானே? காலை நீட்டு. நான் அமுக்கி விட்டுக்கிட்டே சொல்றேன். நீ "ம்" மட்டும் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு அம்மன் கோயில். அந்தக் கோயில் மடப்பள்ளியில ஒரு சமையக்காரர். பேரு சடையப்பன். அம்மனுக்குப் படையல் பொங்கற வேலை. அந்த வேலையில ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்மனுக்குப் படைக்கிற வரைக்கும் யாரும் நாக்குல வெச்சுப் பார்க்கக் கூடாது. அப்போ உப்பு சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்? மூக்காலதான்! மூடியைத் தொறப்பாரு, ஆவி புஸ்ஸுன்னு வரும், கண்ணை மூடிக்கிட்டு உறிஞ்சுவாரு. "இன்னும் ஒரு சிட்டிகை"ன்னா ஒரு சிட்டிகை, "போதும்"னா போதும். ஒரு நாள் தப்பினது இல்ல.

என்னது? உப்புக்கு ஏது வாசனையா? உப்புக்கு இல்லடி, உப்பு சேர்ந்த பருப்புக்கு இருக்கு. சமைச்சாத்தானே தெரியும் உனக்கு!

அப்புறம் என்னாச்சு, கோயில்ல கூட்டம் பெருகுச்சு. ஒரு பானை ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, ஏழாச்சு. ஏழு பானையையும் சடையப்பன் ஒத்தை ஆளா கிண்டினாரு. அப்போதான் அவர் வாயில ஒரு சொல்லு வந்து ஒட்டிக்கிச்சு. "அடுத்தது." இந்தப் பானையைக் கிண்டும்போது "அடுத்தது என்ன?" குளிக்கும்போது பாதி முதுகு நனையறதுக்குள்ள "அடுத்தது என்ன?" சோத்தை நின்னுக்கிட்டே லபக் லபக்னு முழுங்குவாரு. நெஞ்சுக்குள்ள எப்பவும் படக் படக் படக்.

ம் சொல்லு. ம்.

அப்போ ஒரு வெள்ளிக்கிழமை புளியோதரை. உப்பைப் போட்டாரு. "அடுத்தது"ன்னு அடுத்த பானைக்குப் போனாரு. திரும்பி வந்தாரு, போட்டது ஞாபகம் இல்ல. இன்னொரு தடவை அள்ளிப் போட்டாரு. பிரசாதம் வாங்கின ஜனம் ஒரு வாய் வெச்சுது. ஐயோ! ஆனா அம்மன் பிரசாதத்தைத் துப்பலாமா? குறை சொல்லலாமா? அத்தனை பேரும் கண்ணுல தண்ணி வழிய வழிய முழுங்கிட்டு, கெணத்துக்கு ஓடினாங்க, தபதபதபன்னு. சடையப்பன் பார்த்தாரு. "ஆஹா, என்ன பக்தி! எப்படிக் கண்ணு கலங்குது பாரு ஜனத்துக்கு"ன்னாரு! அவரு எங்க சாப்பிட்டுப் பார்த்தாரு? அவருக்குத்தான் அடுத்த வேலை இருக்கே.

சிரிக்காத. தூக்கம் கலைஞ்சுடும்.

அப்புறம் அடுத்த வெள்ளி வெண்பொங்கல். அதுல உப்பே இல்ல. "அம்மன் இன்னைக்கு விரதம் போல"ன்னு பேசிக்கிட்டே தின்னாங்க. அதுக்கும் அடுத்த வெள்ளி கல்கண்டுப் பொங்கல். ரெண்டு சாடியும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஒண்ணுல கல்கண்டு, ஒண்ணுல கல்லுப்பு. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. எதை அள்ளினாருன்னு நீயே சொல்லு. ஆமா, அதேதான்! அன்னைக்கு ஒரு கைக்குழந்தை வாயில ஊட்டினாங்க. அதுக்கு என்ன கட்டுப்பாடு தெரியும்? "த்தூ!"

ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. சடையப்பனுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு.

தர்மகர்த்தா மாசிலாமணி அவரைத் தனியா கூப்பிட்டாரு. "யோவ் சடையப்பா, நாலாம் நாள் பௌர்ணமி. பக்கத்து ஊர்ச் சமையக்காரரை வரச் சொல்லியிருக்கேன். அன்னைக்கும் தப்பினா, கரண்டியை அம்மன் காலடியில வெச்சுட்டு நீ வீட்டுக்குப் போயிடணும்"னாரு.

சடையப்பன் வீட்டுக்கு வந்தாரு. பொண்டாட்டி பேரு பொன்னுருவி. "என் மூக்கு போயிடுச்சு பொன்னு. இருபது வருஷமா புடிச்ச கரண்டி கையை விட்டுப் போகப் போகுது"ன்னு உக்காந்துட்டாரு.

"உங்க மூக்கு மூஞ்சியிலதான் இருக்கு. நீங்கதான் அதை விட்டுட்டு முன்னால ஓடறீங்க. மூணு நாள் என் பேச்சைக் கேளுங்க"ன்னா பொன்னுருவி.

மொத நாள். எலையைப் போட்டு, "உக்காருங்க"ன்னா. உக்காந்தாரு. "இது என்னன்னு கண்ணை மூடிட்டு சொல்லுங்க."

ஒரு வாய் வெச்சாரு. "வெந்நீரா?"

"நல்லா வாயில வருது. ரசங்க அது!"

"சரி சரி, அடுத்தது"ன்னு எந்திரிக்கப் பார்த்தாரு. முடியல. அவரு துண்டு முனை மேல அவ உக்காந்திருக்கா! அப்புறம் வேற வழி? மெல்ல மெல்லச் சாப்பிட்டாரு. கடைசி உருண்டையில, "பொன்னு... இதுல கறிவேப்பிலை கிள்ளிப் போட்டியா?"ன்னாரு. அவ துண்டை விட்டுட்டா.

ரெண்டாம் நாள். "கோயிலுக்குக் குறுக்கு வழியில ஓடாதீங்க. ஏரிக்கரை மேல நடந்து போங்க. பானையை எண்ணக் கூடாது. கால் தரையில படறதை மட்டும் பாருங்க." நடந்தாரு. பொத், பொத், பொத். மொத நூறு அடிக்கு மனசு மடப்பள்ளிக்கு ஓடுச்சு. புடிச்சு இழுத்துக் கால்கிட்ட விட்டாரு. மறுபடி ஓடுச்சு. மறுபடி இழுத்தாரு, கன்னுக்குட்டியை இழுக்கற மாதிரி. மதகுகிட்ட வரும்போது ஈர மண்ணு வாசம் வந்துச்சு, எருமை வாசம் வந்துச்சு. நெஞ்சுல படக் படக் போயி, டொக்... டொக்...ன்னு அடிச்சுது.

ம். கண்ணை மூடிக்கிட்டே ம் சொல்லு, போதும்.

மூணாம் நாள்தான் கஷ்டமான நாள். பொன்னுருவி எதிர்ல வந்து உக்காந்தா. "நெஞ்சுல என்ன வெச்சிருக்கீங்க? வாய் விட்டுச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இந்த ஓட்டம்?"

அப்புறம்தான் சொன்னாரு. "ஏழு பானை என்னால முடியலை பொன்னு. முடியலைன்னு சொன்னா கெழவன் ஆயிட்டான்னு ஊர் சொல்லும்."

"அதைத் தர்மகர்த்தாகிட்ட போய்ச் சொல்லுங்க."

"அதை விட நாக்கைப் புடுங்கிக்கலாம்."

"அந்த நாக்கு இருக்கும்போதே சொல்லிடுங்க"ன்னா.

போனாரு. தர்மகர்த்தா வீட்டு வாசல் வரைக்கும் போயி திரும்பினாரு. மறுபடி போனாரு. "ஐயா, ஏழு பானை என்னால ஆகாதுங்க. மூணுன்னா ஆகும்"னு கண்ணை மூடிட்டுச் சொல்லிட்டாரு.

தர்மகர்த்தா முழிச்சாரு. "யாருய்யா உன்கிட்ட ஏழு கேட்டது? அஞ்சு பானை பொங்கினப்பவே மிஞ்சிப் போயி மாட்டுக்கு வெச்சோம். நீ பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போனே. உனக்கு ஆசை போலன்னு நாங்க சும்மா இருந்தோம்!"

பாத்தியா? கேட்காமயே தூக்கிச் சுமந்திருக்காரு அந்த மனுஷன்.

அப்புறம் பௌர்ணமி வந்துச்சு. காலைல மூணு அடுப்பு, மூணு பானை. புளியோதரை, வெண்பொங்கல், கல்கண்டுப் பொங்கல். பக்கத்து ஊர்ச் சமையக்காரர் கரண்டியை இடுப்புல சொருகிக்கிட்டு எதிர்ல வந்து நின்னாரு. சடையப்பன் கும்பிட்டாரு. "தாயே, நான் இந்தப் பானைகிட்டயே இருக்கேன், நீயும் இங்கயே இரு." அம்புட்டுதான் வேண்டுதல். ஹூம்ம்ம்னு ஒரு மூச்சு இழுத்து மெல்ல விட்டாரு. மொத மூடியைத் தொறந்தாரு. புஸ்ஸ்... "போதும்"னாரு.

கல்கண்டுப் பானை. சாடியில கையை விட்டு உருட்டிப் பார்த்தாரு. நறநறன்னு ஈரமா பிசுபிசுத்தா உப்பு, காய்ஞ்சு வழுக்கினா கல்கண்டு. வழுக்குச்சு. போட்டாரு.

வெண்பொங்கல் பானைகிட்ட வந்து உப்பை அள்ளின கை அப்படியே நின்னுச்சு. போட்டோமா, போடலையா? நெஞ்சு படக்னுச்சு. எதிர்ல நின்னவரு, "என்னங்க யோசனை? ஒரு கை போடுங்க, பூசைக்கு நேரமாச்சு. அடுத்தது பாருங்க"ன்னாரு.

அடுத்ததுன்னு கேட்டதும் சடையப்பன் என்ன பண்ணாருங்கற? உப்பைக் கீழ வெச்சாரு. கரண்டியைக் கீழ வெச்சாரு. அடுப்புப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு! மணி அடிக்கப் போறாங்க, ஊரே பார்க்குது, இவரு உக்காந்து மூச்சு விடறாரு. ஒண்ணு... ரெண்டு... மூணு. டொக்... டொக்... அப்புறம் எந்திரிச்சு மூடியைத் தொறந்தாரு. புஸ்ஸ்ஸ். மிளகு, சீரகம், இஞ்சி, நெய்யி. அடியில பருப்பு வாசம், அதுக்குள்ள...

"போட்டாச்சு"ன்னாரு. "இனி ஒரு கல்லு வேண்டாம்."

டிங் டிங் டிங்! படைச்சாங்க. ஜனம் எலையில வாங்கிச்சு. யாரும் பேசல. பிரசாதத்தை நல்லாருக்குன்னும் சொல்ல மாட்டாங்களே. யாராவது கெணத்துக்கு ஓடறாங்களான்னு தர்மகர்த்தா பார்த்தாரு. ஒருத்தரும் அசையல. பக்கத்து ஊர்க்காரர் ஒரு வாய் வெச்சாரு. இன்னொரு வாய் வெச்சாரு. எலையை வழிச்சாரு. இடுப்புல இருந்த கரண்டியை எடுத்து மஞ்சப்பைக்குள்ள போட்டுட்டு, "கொஞ்சம் வெண்பொங்கல் இருந்தா வைங்க"ன்னாரு.

"உக்காருங்க, நானும் இன்னும் சாப்பிடல"ன்னு சடையப்பன் பக்கத்துல ஒரு எலையைப் போட்டு உக்காந்தாரு. அப்புறம் ரொம்ப நேரம் அவரு எந்திரிக்கவே இல்ல.

கதை ஏரிக்கரை தாண்டிப் போயிருச்சு, நீ கண்ணை மூடு, அம்மா விளக்கை அணைக்கறேன்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன் கண்ணு. நாளைக்குக் காலைல வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்ன, ரெண்டு இட்லின்னாலும், உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ.