கனகமணியம்மாவின் நாற்காலி

ஸ்டேப்ளர் பின் பிடுங்கிப் பிடுங்கிச் சுந்தரவடிவேலுக்குக் கையெல்லாம் எரிந்தது. அதைவிட வயிறு எரிந்தது.

சிங்காநல்லூரில் ஒரு சின்னக் கடை. பழைய சோபா, நாற்காலிகளுக்கு மெத்தையும் துணியும் மாற்றிக் கொடுக்கும் கடை. அங்கே முதலாளியும் மாஸ்டரும் ஒரே ஆள்தான், ரங்கநாயகி. சுந்தரவடிவேலைவிட வயதில் சிறியவள். அவரோ மில் மூடியபிறகு, இந்தத் தொழிலையாவது கற்றுக்கொள்ளலாம் என்று அவளிடம் வந்து சேர்ந்தவர். வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே வேலை. பழைய துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பது. இதற்கா ஒரு மனுஷன் வீட்டில் அவ்வளவு சமாதானம் சொல்லிவிட்டு வருவான்?

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"காலையில இருந்து அதத்தானேண்ணா பண்ணிட்டு இருக்கீங்க."

"எனக்கு எப்பத்தான் ஒரு நாற்காலிய முழுசாக் குடுப்பீங்க?"

"அந்த சோபாவுல இன்னும் பின் இருக்குது."

"அது என்னைக்குத்தான் தீரும்? தெரியாமத்தான் கேக்கறேன். நானும் பத்து மெஷினைக் கட்டி மேய்ச்சவன். இன்னைக்குக் குடுத்தா இருக்கறேன். இல்லீன்னா கெளம்பறனுங்க."

ரங்கநாயகி பெருமூச்சு விட்டாள். தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. போய், மூலையில் கிடந்த கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டாள்.

"இது கனகமணியம்மாவோடது. இதுல உக்காந்துதான் நாள் முழுக்க ஜாக்கெட்டுக்கு எம்ப்ராய்டரி போடறாங்க. கல்யாண ஆர்டர் கையில இருக்குதாம், சாயங்காலம் எடுத்துக்க வருவாங்க. நான் பீளமேட்டுல ஒரு சோபாவுக்குத் துணி மாட்டிட்டு வந்தர்றேன். முழுசா நீங்களே செய்ங்க. சந்தேகம்னா அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க."

"நாற்காலியில என்னங்க சந்தேகம்?"

"உங்ககிட்டப் பேசுனா எனக்குத் தலைவலிதான் வருது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் சுந்தரவடிவேல் நாற்காலியின் ரெக்சின் உறையைப் பிரித்துவிட்டார். உள்ளே ஃபோம் தூள்தூளாகக் கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. இடது பக்கம் வலது பக்கத்தைவிடப் பள்ளமாக, யாரோ செதுக்கிய மாதிரி இருந்தது.

"அட கொடுமையே! கண்ணக் கட்டிக்கிட்டா வெட்டுனான்?"

யாருமில்லாத கடையில் கொஞ்ச நேரம் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தார். பிறகு நல்ல கெட்டியான புது ஃபோமை எடுத்து, அளந்து, ஒரே சீராக வெட்டினார். மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. பழைய ரெக்சினை விரித்து வைத்துப் புதியதை வெட்டி, சுருக்கம் விழாமல் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தார். மூலைகளை மடிக்கத்தான் நெடுநேரம் ஆயிற்று. முடித்ததும் செல்போனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். அவளும் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினாள்.

சாயங்காலம் ரங்கநாயகி வண்டியை நிறுத்தும்போதே கனகமணியம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையில் ஊன்றுகோல் இருந்தது.

ரங்கநாயகி நாற்காலியைச் சுற்றி வந்தாள். ஓரத்தைத் தடவினாள். கவிழ்த்து, அடித்திருந்த பின்களின் வரிசையைப் பார்த்தாள்.

"மூலை மடிப்பு நல்லா வந்திருக்குது."

வந்ததிலிருந்து அவள் வாயால் கேட்ட முதல் நல்ல வார்த்தை. சுந்தரவடிவேலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உக்காந்து பாருங்கம்மா" என்றார்.

கனகமணியம்மா மெல்ல உட்கார்ந்தார்கள். உடனே இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு உடம்பைத் தூக்கினார்கள். வலப்பக்கமாக நகர்ந்து மறுபடி உட்கார்ந்தார்கள். முகம் சுண்டிப்போயிற்று.

"நல்லாத்தானுங்க இருக்குது. பழகுனாச் செரியாப் போயிரும்."

"என்னம்மா, சொல்லுங்க" என்றாள் ரங்கநாயகி.

"இல்ல கண்ணு... இந்த இடது இடுப்புல கம்பி வெச்சிருக்குதில்ல, அங்கதான் முட்டுது. முன்னாடி அந்தப் பக்கம் பள்ளமா, மெத்துனு இருந்துது."

"அது கோணலா இருந்துச்சுங்கம்மா" என்று சுந்தரவடிவேல் குறுக்கே வந்தார். "எவனோ அரைகுறை வெட்டியிருந்தான். நான்தான் சரி பண்ணுனேன்."

கனகமணியம்மா திகைத்துப்போய் ரங்கநாயகியைக் காட்டினார்கள். "வெட்டுனது இந்தப் புள்ளதானுங்களே? என்னைய உக்கார வெச்சு, எந்திரிக்க வெச்சு, ஒரு பகல் முழுக்க வெட்டுச்சு."

சுந்தரவடிவேலுக்குக் காது சிவந்துவிட்டது. வெட்கம் பாதி, கோபம் பாதி. கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"தெரிஞ்சே ஏனுங்க சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆகாதா? கத்துக்க வந்தவனை இப்படியா வேடிக்கை பாப்பீங்க?"

"போன் போட்டுக் கேளுங்கன்னு சொன்னேன்."

"எதைக் கேக்கோணும்னு சொல்லலியே!"

ரங்கநாயகி கனகமணியம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பி, கடை ஸ்டூலில் தலையணை போட்டு உட்கார வைத்தாள். பிறகு அந்த நாற்காலியைக் காட்டினாள்.

"நீங்க உக்காருங்கண்ணா."

"நான் எதுக்குங்க?"

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"எங்காவது அழுத்துதா?"

"இல்லைங்க."

"முட்டுதா?"

"இல்லைங்க."

"எப்படித்தான் இருக்குது?"

அவர் கொஞ்சம் அசைந்து பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை.

"சொகமாத்தானுங்க இருக்குது."

"அப்ப இது உங்க உடம்புக்கு வெட்டுன மெத்தை." என்று ரங்கநாயகி ஃபோம் வெட்டும் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இப்ப எந்திரிச்சு, அந்தம்மாவ உக்கார வெச்சுப் பாத்து அவங்களுக்கு ஒண்ணு வெட்டுங்க."