வைரி சிறகால் மூடிய இரை

அந்தக் காலத்தில் பறவை பேசினால் மனுஷருக்கு விளங்கும், மனுஷர் பேசினால் பறவைக்கு விளங்கும். அதனால் உலகம் ஒன்றும் சொர்க்கமாக இருந்துவிடவில்லை. அப்போதும் மழை பொய்த்தது, அப்போதும் வயிறு பசித்தது. பேச்சு மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

முள்காட்டு ஓரத்தில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையாண்டி கண்ணி வைத்துக் காடை பிடிப்பவன். பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டான். அன்றிலிருந்து கண்ணி, கம்பு, கஞ்சிப்பானை எல்லாம் அவள் தலையில். சமையல் வந்தது, கண்ணி வரவில்லை. நாளெல்லாம் குனிந்து குனிந்து முதுகு கழன்றதுதான் மிச்சம். காடைகள் அவளைவிடக் கெட்டிக்காரிகளாக இருந்தன.

அவள் படும் பாட்டை வேலமரத்திலிருந்து ஒரு வைரி பார்த்துக்கொண்டிருந்தது. வைரி என்றால் புறா அளவே இருக்கும் வேட்டைப் பறவை. உருவம் சிறிது, நகம் பொல்லாதது.

"ஏ ஒச்சாயி, காடை புதருக்குள்ள பூந்துட்டா எனக்கு எட்டாது. நீ கம்பால தட்டி எழுப்பி விடு, நான் புடிக்கிறேன். தலையும் ஈரலும் எனக்கு, மிச்சம் உனக்கு. சம்மதமா?" என்றது.

ஒச்சாயிக்கு யோசிக்கக்கூடத் தெம்பில்லை. "சரி தாயி" என்று சொல்லிவிட்டாள்.

சடையாண்டி கேட்டதும் படுத்தபடியே சிரித்தான். "பறவைய நம்பிக் காட்டுக்குப் போறியாக்கும்? வயிறு நெறஞ்சா அது உன்னத் திரும்பிப் பாக்குமா? கால்ல ஒரு கயித்தக் கட்டு."

"கட்டுனா அது எப்படிப் பறக்கும்? சும்மா கெடங்க" என்றாள். ஆனாலும் அந்தப் பேச்சு மனசில் தைத்துவிட்டது. எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்க்க, ஒரு நாள் வேண்டுமென்றே இரண்டு காடைத் தலைகளைக் கூடுதலாகக் கொடுத்தாள். மறுநாள் வைரி உச்சிப்பொழுதுக்குத்தான் வந்தது.

"வயிறு நெறஞ்சிருந்துச்சு, தூங்கிட்டேன்" என்றது. சொல்வதில் அதற்கு ஒரு கூச்சமும் இல்லை. அந்த ஒளிவுமறைவில்லாத பேச்சு ஒச்சாயிக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு அவள் சோதித்துப் பார்க்கவில்லை.

அப்போதெல்லாம் வைரிக்கு இரையை மறைக்கத் தெரியாது. பிடித்ததும் வெட்டவெளியில் இறங்கும். சிறகை ஒழுங்காக மடக்கிக்கொண்டு, ஒரு காலை இரைமேல் வைத்தபடி, அவள் மூச்சு வாங்கி வந்து சேரும்வரை நிற்கும். அவள் எடுத்து அறுத்துப் பங்கு வைப்பாள்.

கோடையில் வைரிக்கு மூன்று குஞ்சு பொரித்தது. அன்றுமுதல் அதன் பங்கை ஒச்சாயி இறகு நீக்கி, புரச இலையில் பொட்டலமாக மடித்து, நாரால் கட்டிக் கொடுத்தாள். ஒற்றைக் காலில் பற்றிக்கொண்டு கூட்டுக்குப் பறக்க அது வசதியாக இருந்தது. வாங்கும்போது வைரி ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

கோடை மழை இரண்டாம் வருஷமும் ஏமாற்றியது. காடைகள் ஈரம் தேடி எங்கோ போய்விட்டன. மூன்று நாளாக ஒரு இறகுகூடக் கண்ணில் படவில்லை. வீட்டில் சடையாண்டி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கேலி பேசவும் அவனிடம் சத்தில்லை. அதுதான் ஒச்சாயியைப் பயமுறுத்தியது.

நாலாம் நாள் கிளம்பும்போதே வைரி சொன்னது: "இன்னிக்கு மொதல்ல விழுறது முழுசா எனக்கு வேணும் ஒச்சாயி. சின்னக் குஞ்சு தலையத் தூக்கல. அடுத்தது முழுசா உனக்கு."

"எடுத்துக்க தாயி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

பொழுது சாய்கிறவரை புதர் புதராகத் தட்டினார்கள். ஒரே ஒரு காடை எழுந்தது. வைரி அதை அடித்து இறக்கிவிட்டு, சிறகை மடக்கிக்கொண்டு நின்றது. அடுத்தது என்று ஒன்று இந்தக் காட்டில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கட்டிக் குடு" என்றது வைரி.

ஒச்சாயி காடையை வாங்கித் திரும்பி உட்கார்ந்தாள். இறகைப் பறித்தாள். இலையை விரித்தாள். காடையை அதில் வைக்கத்தான் கை போனது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு நினைவுக்கு வந்தது. கை திரும்பி, காடை மடிக்குள் போயிற்று. பறித்த இறகையும், காடையின் இரண்டு காலையும், கனத்துக்கு ஒரு கல்லையும் இலையில் வைத்து மடித்தாள். நாரை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள்.

வைரி பொட்டலத்தைப் பற்றித் தூக்கிப் பார்த்தது.

"நல்ல கனம். மூணும் திங்கும்" என்றது சந்தோஷமாக. "நீ இன்னிக்குப் பட்டினியாப் போறியே ஒச்சாயி."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டில் சடையாண்டி சாறு குடித்தான், எலும்பை மென்றான், முகத்தில் உயிர் வந்தது. "பறவைக்குப் பங்கு குடுத்தியா?" என்று கேட்டான்.

"குடுத்தேன்" என்றாள். அவன் நீட்டிய துண்டை அவள் தொடவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது.

மறுநாள் வைரி வராது என்று நினைத்தாள். வராமலிருந்தால் நல்லது என்றும் நினைத்தாள். அது வேலமரத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் கம்பை எடுத்துப் புதரைத் தட்டினாள். பள்ளத்துப் புதரிலிருந்து ஒரு காடை எழுந்தது, வைரி அடித்தது, வெட்டவெளியில் இறங்கியது.

ஆனால் சிறகை மடக்கவில்லை. இரண்டு சிறகையும் தரைவரை விரித்து, வாலையும் விரித்து, இரையை முழுக்க மூடிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது. ஒச்சாயி ஓரடி வைத்தாள். வைரி தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தது.

"அங்கயே நில்லு."

"பசி தாயி. அவர் செத்துருவாரோன்னு..."

"தெரியும். உன் வீட்டுக் கூரைமேலதான் நான் தெனமும் பறக்குறேன். கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேன் ஒச்சாயி." இரைமேல் சிறகை இன்னும் தாழ்த்திக்கொண்டு, "சின்னது விடியிறதுக்குள்ள போயிருச்சு. வாயில இறகோட" என்றது.

ஒச்சாயி இருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். வைரி அழவில்லை, கோபிக்கவும் இல்லை. சிறகுக்கு அடியில் குனிந்து குனிந்து காடையைப் பிய்த்தது. மனுஷரிடம் அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வைரி இரையைப் பிடித்ததும் சிறகை விரித்து மூடிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான். குஞ்சிலிருந்து கையிலேயே தீனி தின்று வளர்ந்த வைரிகூட, வளர்த்தவன் வருகிறான் என்றால் அப்படித்தான் மூடும். அதனால்தான் வைரியை வைத்து வேட்டையாடுகிறவன் இன்றைக்கும் பத்தடி தள்ளிக் குந்தி, விரித்த உள்ளங்கையில் இறைச்சித் துண்டை அது கண்ணால் பார்க்கும்படி நீட்டி, சிறகு மடங்கும்வரை காத்துக் கிடக்கிறான்.