முல்லையை ஊமத்தை ஆக்கிய கதை

ரொம்ப காலத்துக்கு முன்னால் செம்பாறை நாட்டைச் செங்கோடன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஏழு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

"என் மகளுக்கு முல்லை என்று பெயர் வைக்கப் போகிறேன்!" என்று சபையில் அறிவித்தார்.

உடனே எழுந்தார் வித்தகராயர். வெளிதேசத்திலிருந்து பிழைக்க வந்து, முகஸ்துதியாலேயே ஆஸ்தானப் பண்டிதர் ஆனவர். மந்திரி தத்தனாரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"அருமையான பெயர், மகாராஜா! ஆனால் இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு முல்லை மேல்தான் விழ வேண்டும். பூ விற்கிறவள் மகள் முல்லை, மோர் விற்கிறவள் மகள் முல்லை. இளவரசிக்கும் அதே பெயரா? மற்ற முல்லைகளின் பெயரையெல்லாம் மாற்ற உத்தரவு போடுங்கள்!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "மந்திரி, நீர் என்ன சொல்கிறீர்?"

"ஒருத்தியாவது மிச்சம் இருக்கட்டுமே, மகாராஜா" என்றார் தத்தனார்.

"ஒருத்திகூடக் கூடாது!" என்று குதித்தார் ராயர்.

"ஒருத்திகூடக் கூடாது" என்றார் ராஜாவும்.

"அப்படியானால் அதையே ஓலையில் எழுதி முத்திரை வைத்துவிடுங்கள். மீறினால் என்ன தண்டனை என்பதும் இருக்கட்டும்" என்றார் மந்திரி.

மீறினால் ஆறு மாதம் சிறை என்று எழுதி ராஜா முத்திரை குத்தினார்.

மறுநாளே முரசோடு கிளம்பிய ராயர், வீடு வீடாகப் போய் வாய்க்கு வந்த பெயரை வைத்தார். அரண்மனைக்குப் பூக் கட்டும் மூக்காயியின் ஐந்து வயது மகள் முல்லைக்கு அவர் கொடுத்த பெயர் ஊமத்தை!

மூக்காயி மந்திரி வீட்டுக்கு ஓடினாள்.

"சாமி, இவ அப்பன் நம்ம ராஜா படையில எல்லைக்குப் போனாரு. மழை தொடங்கறதுக்குள்ள வந்துடறேன்னாரு. மழை வந்துச்சு, ஆளைக் காணோம். செத்துட்டாருன்னு ஊரே சொல்லிச்சு. எங்க வேலியில நட்ட முல்லைக்கொடி பூக்கறதுக்குள்ள வந்துடுவாருன்னு நான் காத்துக் கிடந்தேன். மொத மொட்டு விரிஞ்ச சாயங்காலம் நொண்டிக்கிட்டே வந்து சேர்ந்தாரு. அடுத்த வருஷம் இவ பொறந்தா. காத்திருந்து கெடச்சவன்னுதான் முல்லைன்னு வச்சோம். இப்ப ஊமத்தைன்னு கூப்பிட்டா கோழிதான் திரும்பிப் பாக்குது, இவ பாக்க மாட்டேங்கறா!" என்று அழுதாள்.

"உத்தரவுக்கு அடங்கியே இரு, அம்மா. ஆனால் பெயர் சூட்டும் நாளில் மகளுக்குத் தலைவாரிக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்" என்றார் மந்திரி.

பெயர் சூட்டும் நாளும் வந்தது. "இந்த நாட்டில் இனி வேறு முல்லை இல்லை!" என்று மார்தட்டினார் ராயர். அன்று காலையில்தான் புகுந்த ஊரிலிருந்து வந்து இறங்கிய ராஜாவின் அக்காள், அத்தை முறைக்குக் குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, பேர்க்காரி எங்கே? வரச் சொல்."

ராஜாவுக்கு முகம் வெளுத்தது. செம்பாறை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அத்தை காதில் சொன்னதும், அதே பெயருள்ள ஒருத்தி குழந்தையை ஏந்தி, ஊர் கேட்க மூன்று தரம் கூப்பிட வேண்டும். அவள்தான் பேர்க்காரி. அவள் கூப்பிட்டால்தான் பெயர் ஒட்டும். முப்பது வருஷமாக அரண்மனையில் தொட்டிலே ஆடாததால் ராஜாவுக்கு இது மறந்தே போயிருந்தது. ராயருக்கோ தெரியவே தெரியாது.

"நீங்கள் சமாளியுங்கள், ராயரே!" என்று கத்தினார் ராஜா.

"இதோ, இந்தப் பூக்காரி மகள் போன வாரம் வரை முல்லைதானே! அவளே ஏந்தட்டும்!" என்றார் ராயர்.

மந்திரி மடியிலிருந்து ஓலையை எடுத்தார். "அவள் இப்போது ஊமத்தை. முல்லை என்று சொல்லிக்கொண்டால் ஆறு மாதம் சிறை. ஊமத்தையாகவே ஏந்தினால் இளவரசிக்கும் ஊமத்தை என்றுதான் ஒட்டும். பரவாயில்லையா, மகாராஜா?"

குழந்தை வீரிட்டு அழுதது. நல்ல நேரம் முடிய அரை நாழிகைதான் பாக்கி.

"மூக்காயி! உன் மகளுக்கு மட்டும் பழைய பெயரைத் தந்துவிட்டேன். சீக்கிரம் வரச் சொல்!" என்றார் ராஜா.

மூக்காயி எழுந்து நின்று சொன்னாள்: "இவளுக்கு மட்டும் வேணாம், மகாராஜா. நாளைக்கு இன்னொருத்தர் பேச்சைக் கேட்டுப் புடுங்கிக்குவீங்க. எல்லா முல்லைக்கும் குடுத்துடுங்க. நீங்க எல்லைக்கு அனுப்பின புருஷனுக்காகக் காத்திருந்து நான் இவளைப் பெத்தேன். நீங்களும் ஏழு வருஷம் காத்திருந்துதானே பெத்தீங்க? காத்திருந்து கெடச்ச புள்ளைக்கு வைக்கிற பேரு இது. ரெண்டு புள்ளைக்கும் பொருந்தும்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மந்திரி கையிலிருந்த ஓலையை வாங்கி இரண்டாக முறித்தார். "தப்பு என்னுடையதுதான், தாயே. எல்லாப் பெயரும் அவரவருக்கே!"

குட்டி முல்லை ஓடிவந்து உட்கார்ந்து இளவரசியை மடியில் ஏந்தி, அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டாள்: "முல்லை! முல்லை! முல்லை!"

"என்ன?" என்று கூட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் முல்லைகள் குரல் கொடுத்தார்கள். திடுக்கிட்ட குழந்தை அழுகையை நிறுத்திப் பொக்கை வாயால் சிரித்தது. ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். மந்திரி அதைக் குட்டி முல்லை கழுத்தில் போட, அது அவள் முழங்காலுக்குத் தொங்கியது.

ராயருக்கும் ஒரு வேலை கிடைத்தது. அதே முரசைத் தாமே சுமந்து வீடு வீடாகப் போய், பறித்த பெயரைத் திருப்பிக் கொடுத்துவர வேண்டும். கொடுத்தார். எல்லோரும் முல்லையை வாங்கிக்கொண்டார்கள். அநாதையாய் நின்ற ஊமத்தையை மட்டும் ஊர்ப் பெண்கள் அவருக்கே வைத்துவிட்டார்கள். அது ஒட்டுவதற்குப் பேர்க்காரியே தேவைப்படவில்லை.